டோபமைன்: கூட்டுவதா, குறைப்பதா?

கேள்வி: டோபமைனை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது சுரந்தால்தான் சந்தோஷமாக இருக்க முடியுமா?

பதில்: அந்தப் பெயரிலேயே இரண்டு தப்பு. மூளைக்குள் டோபமைன் பெரும்பாலும் ஹார்மோனாக வேலை செய்வதில்லை; ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குச் சேதி கொண்டுபோகும் வேதிப்பொருள் அது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் உண்டு. டோபமைன் தயாரிப்பவை அதில் சில லட்சம்தான். பெரும்பாலும் நடுமூளையில் இரண்டு சின்னத் திட்டுகளில் உட்கார்ந்துகொண்டு, நீண்ட இழைகளைப் பல பகுதிகளுக்கும் அனுப்புகின்றன. ஒரு பாதை உடல் அசைவுக்கு. இன்னொன்று உந்துதலுக்கு. மூன்றாவது நெற்றிப் பக்கம் போய்க் கவனத்தையும் திட்டமிடலையும் பார்த்துக்கொள்கிறது. நான்காவது தனி ரகம்: மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினை அடக்கி வைக்கிறது. அங்கே மட்டும் வேண்டுமானால் ஹார்மோன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நான்கு பாதைகளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி வரும்.

அடுத்த தப்பு 'மகிழ்ச்சி'. 1954இல் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளையில் மின்கம்பி பொருத்தி, விசையை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்கும்படி வைத்தார்கள். எலி ஓயாமல் அழுத்தியது. 'இன்ப மையம்' என்ற பேச்சு அங்கே பிறந்ததுதான். பின்னால் கென்ட் பெரிட்ஜ், டோபமைனை ஏறக்குறைய முழுவதும் அழித்த எலிகளின் நாக்கில் சர்க்கரைக் கரைசல் விட்டுப் பார்த்தார். அவை வழக்கம்போல நாக்கைச் சுழற்றி ரசித்தன. ஆனால் பக்கத்திலேயே வைத்த உணவைத் தேடிப் போகவில்லை. குழாய் வழியாக ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். ருசி போகவில்லை, 'வேண்டும்' என்ற வேகம்தான் போய்விட்டது.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமைன் செல்கள் படபடவென்று துடித்தன. விளக்கு எரிந்த பிறகு சாறு வரும் என்று பழகியதும், துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கைக் காட்டிவிட்டுச் சாற்றை நிறுத்தினால், வர வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது. ஆக, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அது குறித்துக்கொள்கிறது. பத்து எதிர்பார்த்துப் பத்தே கிடைத்தால் அந்தச் செல்களுக்கு அது சேதியே இல்லை.

கேள்வி: ரத்தப் பரிசோதனையில் டோபமைன் குறைவு என்று வந்திருக்கிறது. என் மனச்சோர்வுக்கு இதுதான் காரணமா?

பதில்: இல்லை. ரத்தத்திலுள்ள டோபமைன் குடல், அட்ரீனல் சுரப்பி, உடலின் நரம்புகள் ஆகியவற்றிலிருந்து வருவது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை டோபமைனால் தாண்ட முடியாது, அந்தப் பக்கமிருந்தும் சரி, இந்தப் பக்கமிருந்தும் சரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு டோபமைனையே ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். அழுத்தம் ஏறும், மனநிலை ஏறாது. அட்ரீனல் கட்டி போன்ற சந்தேகம் இருந்தால்தான் இந்தப் பரிசோதனைக்கு அர்த்தம். பார்கின்சனையும் (டோபமைன் செல்கள் அழிந்து, உடல் நடுங்கி விறைக்கும் நோய்) வேறு வகை நடுக்கத்தையும் பிரித்தறிய ஐயோஃப்ளுபேன் ஸ்கேன் உண்டு. அதை வைத்தும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: வாழைப்பழம், டைரோசின் மாத்திரை, பூனைக்காலி விதைப் பொடி. டோபமைன் கூட்ட எது நல்லது?

பதில்: மூன்றும் ஒரே வரிசையில் வைக்கக்கூடியவை அல்ல.

வாழைப்பழத்தில் டோபமைன் இருப்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன தடுப்பிலேயே அதன் பயணம் முடிந்துவிடும். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மூளை உள்ளே எடுத்துக்கொண்டு, முதலில் எல்-டோபாவாகவும் பிறகு டோபமைனாகவும் மாற்றுகிறது. முதல் மாற்றத்தைச் செய்யும் நொதிக்குச் சாதாரணமாகச் சாப்பிடுபவரிடம் டைரோசின் ஏற்கெனவே போதுமான அளவு கிடைக்கிறது. தொழிற்சாலையில் ஆள் அதே எண்ணிக்கையில் இருக்க, வாசலில் சரக்கு மட்டும் குவிந்து என்ன பயன்? அந்த நொதிக்கு இரும்புச்சத்து தேவை என்பதால், இரும்புக் குறைபாடு உள்ளவர்கள் அதைச் சரிசெய்வது எந்தப் பொடியையும்விட உருப்படியான காரியம்.

பூனைக்காலி விளையாட்டல்ல. அந்த விதையில் எல்-டோபாவே இருக்கிறது, ஏறத்தாழ 4 முதல் 6 சதவீதம். 5 கிராம் பொடியில் 200 முதல் 300 மி.கி. வரை வரும். பார்கின்சன் நோயாளிக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மருந்தின் அளவு அது. மாத்திரையில் சேர்க்கும் துணைமருந்து பொடியில் கிடையாது. அதனால் பெரும்பகுதி மூளைக்கு வெளியிலேயே டோபமைனாக மாறி, குமட்டலும் எழுந்து நின்றால் தலைசுற்றலும் தரும். மனச்சிதைவுக்கு மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம். பார்கின்சன் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்துக்கொண்டால், அவர் எந்த அளவை எழுதினாலும் கணக்கு உதைக்கும்.

கேள்வி: ஞாயிறுதோறும் 'டோபமைன் விரதம்' இருக்கிறேன். போன், பாட்டு, பேச்சு எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் பழைய குருடி கதவைத் திறடி. எங்கே தப்பு?

பதில்: ஒரு நாள் பாட்டுக் கேட்காமல் இருந்தால் டோபமைன் வற்றிவிடாது, அதன் சேதியைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் கழுவித் துடைத்துப் புதிதாகிவிடாது. மெத்தாம்பெட்டமின் போதையை விட்டவர்களிடம் டோபமைன் அமைப்பு ஓரளவு தேறுவதற்கே பல மாதங்கள் ஆகின்றன. 2019இல் இந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய உளவியலாளர் கேமரன் செபா சொன்னதும் மௌனவிரதம் அல்ல. கைமீறிப் போன ஒன்றிரண்டு பழக்கங்களுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு வைப்பதுதான் அவர் சொன்னது; நடத்தைச் சிகிச்சையில் நெடுநாளாக உள்ள முறை. இடையில் யாரோ அதை முற்றும் துறந்த முனிவர் வேஷமாக்கிவிட்டார்கள். மனிதரோடு பேசுவதை நிறுத்துவதில் எந்த லாபமும் இல்லை.

போன் உங்களைப் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள இன்பத்தால் அல்ல, 'இந்தத் தடவை ஏதாவது வந்திருக்குமோ' என்ற நிச்சயமின்மையால். ஷுல்ட்ஸின் குழு குரங்குகளிடம் இதையும் சோதித்தது. பரிசு வருவதற்கான வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோதுதான், காத்திருக்கும் நேரத்தில் டோபமைன் செல்களின் துடிப்பு மிக அதிகமாக ஏறியது. சூதாட்ட இயந்திரம் ஓடுவதும் இந்த எரிபொருளில்தான். ஆகவே நிச்சயமின்மையை வெட்டுங்கள். அழைப்புகளைத் தவிர மற்ற எல்லா அறிவிப்புகளையும் அணைத்துவிடுங்கள். பார்ப்பதற்கு நாளில் மூன்று நேரம் குறித்துக்கொள்ளுங்கள், தலா 20 நிமிடம். தானாக ஓடும் வீடியோ வசதியை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டால், அடுத்த முறை கடவுச்சொல் அடிக்க வேண்டியிருக்கும். அந்த அரை நிமிடத் தடையே பாதித் தடவை கையைத் திருப்பிவிடும். சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும்.

இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. முதல் மூன்று நான்கு நாள் எரிச்சல் வரும், அது எதிர்பார்க்க வேண்டியதே. நேரம் தவறி 'இந்த ஒரு தடவை மட்டும்' என்று எப்போதாவது எடுப்பதுதான் மோசம். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை மிக ஆழமாக ஊன்றும். போன் போன இடத்தில் வேறு எதையும் வைக்காமல் விட்டாலும் தாங்காது. இரவு ஒன்பது மணிக்குக் கை போனைத் தேடும் என்றால், ஒன்பது மணிக்குக் கைக்கு வேறு வேலை தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: குளிர்ந்த நீரில் குளித்தால் டோபமைன் இரண்டரை மடங்கு கூடுமாமே?

பதில்: அந்தக் கணக்கு வந்த ஆய்வில், இளைஞர்கள் 14 டிகிரி செல்சியஸ் நீரில் கழுத்தளவு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். 250 சதவீதம் கூடியது ரத்தத்தில் இருந்த டோபமைன்; மூளையில் இருந்ததை யாரும் அளக்கவில்லை. காலையில் இரண்டு நிமிடக் குளியல் சுறுசுறுப்பாக இருக்கிறதென்றால் தாராளமாகக் குளியுங்கள். அதற்கு டோபமைன் சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி: அப்பாவுக்குப் பார்கின்சன். லெவோடோபா 100, கார்பிடோபா 25 மாத்திரை தினம் மூன்று வேளை, சாப்பாட்டோடு. சில நாள் நன்றாக நடக்கிறார், சில நாள் மாத்திரையே போடாதது போல இருக்கிறார். அளவைக் கூட்டச் சொல்லலாமா?

பதில்: கூட்டுவதற்கு முன் தட்டைப் பாருங்கள். 'சாப்பாட்டோடு' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

லெவோடோபா என்பது எல்-டோபாதான். டோபமைனால் தாண்ட முடியாத தடுப்பை இதனால் தாண்ட முடிகிறது, ஏனென்றால் அமினோ அமிலங்களுக்கென்று உள்ள வாசலில் இதற்கும் அனுமதி உண்டு. சிக்கலும் அதுவே. முட்டை, பால், பருப்பு, இறைச்சி சாப்பிட்டால் அவற்றின் அமினோ அமிலங்களும் அதே வாசலில் வரிசையில் நிற்கின்றன, குடலிலும் ஒரு முறை, மூளைத் தடுப்பிலும் ஒரு முறை. மருந்து கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். கார்பிடோபா, வழியிலேயே லெவோடோபா டோபமைனாக மாறிவிடாமல் காக்கும் துணைமருந்து; அது தடுப்பைத் தாண்டாது என்பதால் மூளைக்குள் நடக்கும் மாற்றத்தைக் கெடுக்காது.

எனவே மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, அல்லது குறைந்தது ஒரு மணி பின்பு, ஒரு தம்ளர் தண்ணீரோடு. பாலோடு வேண்டாம். குமட்டினால் புரதம் குறைந்த ஏதாவது, இரண்டு பிஸ்கட் போலக் கொஞ்சம் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரமாவது விடுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள். வயிறும் குடலும் மந்தமானால் மாத்திரை உறிஞ்சப்படும் இடத்துக்குப் போய்ச் சேரவே தாமதமாகும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுக்காதீர்கள்.

அதற்காகப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். பார்கின்சன் நோயாளிகள் ஏற்கெனவே எடை இழப்பவர்கள். நேரத்தைப் பிரித்த பிறகும் ஏற்ற இறக்கம் தொடர்ந்தால், பகல் புரதத்தில் ஒரு பகுதியை இரவுக்கு மாற்றலாம். மொத்த அளவு அப்படியே இருக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகுமுன் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்: மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எப்போது உடம்பு இளகியது, எப்போது மறுபடி இறுகியது, தானாகத் துள்ளும் நெளியும் அசைவு எப்போது வந்தது. லெவோடோபா ரத்தத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோய் கூடக்கூட அந்த இறக்கத்தை உடம்பு அப்படியே காட்டும். அப்போது பெரும்பாலும் தேவைப்படுவது ஒரு வேளையின் அளவைக் கூட்டுவதல்ல, வேளைகளை நெருக்குவது. படுத்தபடி ஒரு முறையும், எழுந்து நின்று 3 நிமிடம் கழித்து ஒரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அதையும் எழுதுங்கள்.

திடீரென்று நிறுத்த மட்டும் கூடாது. கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுக் குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்த்தால், மாத்திரை நேரங்களைத் தாளில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். அங்கே மாத்திரை தள்ளிப்போவது சர்வசாதாரணம்.

கேள்வி: அம்மாவுக்கும் அதே நோய். பிரமிபெக்ஸோல் ஆரம்பித்துச் சில மாதங்களில் இரவெல்லாம் இணையத்தில் பொருள் வாங்கிக் குவிக்கிறார். கேட்டால் கோபம் வருகிறது. வயதானதால் வரும் புத்தி மாற்றமா?

பதில்: மருந்தைச் சந்தேகியுங்கள். அது டோபமைன் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் வகை. அசைவுப் பாதையோடு உந்துதல் பாதையும் சேர்ந்து தூண்டப்படுகிறது. சுமார் 3,000 பார்கின்சன் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17 சதவீதத்தினரிடமும், எடுக்காதவர்களில் 7 சதவீதத்தினரிடமும் சூதாட்டம், பொருள் வாங்குதல், அடங்காத பசி, மிகுந்த காம இச்சை ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. வெட்கத்தால் இதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதில்லை. அம்மாவின் குணத்தைக் குறை சொல்வதுபோல் இல்லாமல், 'இந்த மாத்திரைக்கு இப்படி ஒரு பக்கவிளைவு உண்டாம்மா' என்று ஆரம்பியுங்கள். குறைப்பது படிப்படியாக, மருத்துவர் சொல்படி. சட்டென்று நிறுத்தினால் பதற்றம், வியர்வை, தாங்க முடியாத தவிப்பு வரலாம். அதுவரை வங்கி அட்டையின் செலவு வரம்பைக் குறைத்து வையுங்கள்.

கேள்வி: 19 வயது மகளுக்கு வாந்திக்கு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகிவிட்டது. ஊசி போட்டதும் சரியானது. வலிப்பா?

பதில்: நினைவு தெளிவாக இருந்து கழுத்தும் கண்ணும் மட்டும் இழுத்திருந்தால், மெட்டோகுளோப்ரமைடு அல்லது புரோக்ளோர்பெரசின் வகை வாந்தி மருந்தாக இருக்க வாய்ப்பு அதிகம். இவை டோபமைன் ஏற்பியை அடைப்பவை, மூளைக்குள்ளும் நுழைபவை. மருந்து தொடங்கிய ஓரிரு நாளில், அதிலும் இளவயதினருக்கு, தசை இப்படி இறுகிக்கொள்ளும். தொண்டையும் நாக்கும் இறுகினால் மூச்சுக்கே சிக்கல், உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மெட்டோகுளோப்ரமைடை 5 நாளுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் வரம்பு வைத்தது. மருந்துச் சீட்டைத் தேடிப் பெயரைக் கண்டுபிடித்து, மகளின் ஒவ்வாமைக் குறிப்போடு எழுதி வையுங்கள். பார்கின்சன் உள்ளவர்களுக்கும் இந்த இரண்டும் ஆகாது.

கேள்வி: தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரைக்குப் பிறகு குரல் கேட்பது நின்றது. ஆனால் இப்போது உட்கார முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தபடி நடந்துகொண்டே இருக்கிறான். நோய் திரும்புகிறதா?

பதில்: 'இது முக்கியம், கவனி' என்று முத்திரை குத்துவதும் டோபமைனின் வேலைகளில் ஒன்று. மனச்சிதைவில் அந்த முத்திரை கண்டபடி விழுகிறது. யாரோ இருமியதும், எதிரே வந்த வண்டியின் எண்ணும் தனக்கென்று அனுப்பிய சேதியாகத் தெரிகின்றன. மருந்துகள் டி2 என்ற வகை டோபமைன் ஏற்பியை அடைத்து இதைத் தணிக்கின்றன. பெரும்பாலான மருந்துகளுக்கு, ஏற்பிகளில் 65 சதவீதம் போல அடைபட்டால் பலன் தெரியும். 80ஐத் தாண்டினால் விறைப்பும் நடுக்கமும் கூடும். இந்த இடைவெளி குறுகல். மருந்துக்குப் பாதை பார்த்து அடைக்கவும் தெரியாது. புரோலாக்டின் பாதை அடைபட்டால் மாதவிடாய் நிற்கலாம், ஆண்களுக்கும் மார்பில் வீக்கம் வரலாம்.

தம்பிக்கு இருப்பது மருந்தால் வரும் நிலைகொள்ளாமையாக இருக்கலாம். இதை நோய் முற்றியதாக நினைத்து அளவைக் கூட்டிவிட்டால் தவிப்பும் கூடும். அந்தத் தவிப்பில் தற்கொலை எண்ணம்கூட வருவதுண்டு. மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய தேதியையும், நடை தொடங்கிய தேதியையும் எழுதிக்கொண்டு இந்த வாரமே போங்கள். 'உள்ளுக்குள் பதறுகிறதா, நடந்தால் ஆறுதலா?' என்று அவனையே கேளுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம், புரோப்ரனலால் என்ற மாத்திரையைச் சேர்க்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், குரல்கள் திரும்ப வரும்.

கேள்வி: கவனக்குறைபாட்டுக்கு மகனுக்கு மெத்தில்ஃபெனிடேட் எழுதியிருக்கிறார்கள். கோகெய்ன் போல இதுவும் டோபமைனைத்தானே கூட்டுகிறது?

பதில்: இரண்டும் பிடிப்பது, வெளியே விட்ட டோபமைனைத் திரும்பச் செல்லுக்குள் இழுக்கும் ஒரே கடத்தியைத்தான். வேகம்தான் வேறு. வாய்வழி மாத்திரை உச்சத்துக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புகைத்த கோகெய்ன் மூளைக்கு நொடிகளில் போகும். போதை தருவது அந்த வேகம். மாத்திரையைப் பொடித்து மூக்கில் இழுத்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும், எனவே டப்பி உங்கள் கையில் இருக்கட்டும். பசியையும் தூக்கத்தையும் உயரத்தையும் எடையையும் இதயத் துடிப்பையும் கவனித்து வாருங்கள்.

கேள்வி: ஆறு மாதமாக எதிலும் நாட்டமில்லை. எனக்கு டோபமைன் ஏற்ற மருந்து உண்டா?

பதில்: மனச்சோர்வு ஒரே ஒரு வேதிப்பொருளின் பற்றாக்குறை அல்ல. புப்ரோபியான், டோபமைனும் நார்அட்ரினலினும் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை இவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்கக் கூடாது, இன்றைக்கே போக வேண்டும்.

வீட்டில் செய்ய ஒன்று: ஒரு தாளில் நான்கு கட்டம். நேரம், செயல், 'எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று முன்கூட்டியே 0 முதல் 10க்குள் ஒரு மதிப்பெண், முடித்தபின் இன்னொன்று. செயல் அற்பமாக இருக்க வேண்டும். 'நடைப்பயிற்சி' பெரிது, 'செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை' போதும். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள், குறித்த மணிக்குச் செய்யுங்கள். 1 என்று நினைத்தது 3 ஆக இருந்தால், அந்த இரண்டு புள்ளி வித்தியாசம்தான் முதல் கேள்வியில் சொன்ன செல்கள் குறித்துக்கொள்ளும் சேதி. ஏழு நாள் கழித்து, வித்தியாசம் அதிகமாக இருந்த இரண்டு செயல்களை மட்டும் அடுத்த வாரம் இன்னொரு முறை கூடுதலாகப் போடுங்கள். எல்லாக் கட்டத்திலும் 0 வந்தால் தாளைக் கிழிக்காதீர்கள். மருத்துவர் பார்க்க வேண்டிய தாள் அதுதான்.

கேள்வி: இரவில் படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, ஆட்டினால்தான் அடங்குகிறது. ரோபினிரோல் சாப்பிடலாமா?

பதில்: முதலில், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை ரத்தத்தில் பாருங்கள். மற்றவர்களுக்கு 'நார்மல்' என்று வரும் அளவுகூட இந்தத் தொல்லைக்குப் போதாது. லிட்டருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் மருத்துவரிடம் இரும்புச்சத்து பற்றிக் கேளுங்கள். பிரமிபெக்ஸோலைப் போல டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் ரோபினிரோல் தொடக்கத்தில் அருமையாகக் கேட்கும். மாதங்களோ வருடங்களோ போனபின், இரவில் வந்த குறுகுறுப்பு மாலையிலேயே வர ஆரம்பித்து, கைக்கும் ஏறினால், மருந்தே நோயை வளர்க்கிறது என்று அர்த்தம். அப்போது அளவைக் கூட்டுவது எண்ணெய் ஊற்றுவதுபோல. இதனால் இப்போது காபபென்டின் வகையைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளும், மேலே சொன்ன வாந்தி மருந்துகளும் குறுகுறுப்பைக் கிளப்பும் என்பதால், கடந்த ஒரு மாதத்தில் எதையெதைச் சாப்பிட்டீர்கள் என்ற பட்டியலோடு போங்கள்.